கர்ணன் யோசிக்க மாட்டான்

தட்டுவடை செட் தின்றுகொண்டே சண்டை போடுவது கஷ்டம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காரச் சட்னியும் புதினாச் சட்னியும் பூசி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் எல்லாம் அடைத்துக் கொடுப்பார்கள். முழுதாக வாயில் போட்டால்தான் சிந்தாது. போட்டுவிட்டால் பேச முடியாது. 2023 அக்டோபரில் ‘லியோ’ பார்த்துவிட்டு வந்த ராத்திரி, சேலம் ஐந்து ரோடு பக்கத்துத் தள்ளுவண்டிக் கடையில் எங்கள் கூட்டத்தின் சண்டை இப்படி விட்டு விட்டுத்தான் நடந்தது.

ஒரு பக்கம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். ‘கைதி’யை எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே கணக்கில்லை. இன்னொரு பக்கம் என் சித்தி மகன், இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. வெளிநாட்டுப் படம் ஒன்றையும் விடாதவன்.

“இது கைதி நடக்கிற உலகமே இல்லப்பா” என்று ஆரம்பித்தார் அண்ணன்.

“நெப்போலியன் வந்தாருல்ல? கடைசியில விக்ரம் போன் பண்ணாருல்ல? அப்புறம் என்னண்ணா?”

“கல்யாண போட்டோவுல நிக்கிறவன் எல்லாம் சொந்தக்காரனா?”

தம்பி வாயில் தட்டுவடை இருந்ததால் அந்தக் கேள்விக்குப் பதில் வர அரை நிமிடம் ஆனது. வந்த பதிலும் உருப்படியாக இல்லை.

விவரம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ‘கைதி’, ‘விக்ரம்’, ‘லியோ’ மூன்றும் ஒரே இயக்குநரின் படங்கள்; ஒன்றில் வந்த ஆட்கள் இன்னொன்றிலும் தலை காட்டுவார்கள். லோகேஷ் கனகராஜ் 2019இல் எடுத்த ‘கைதி’ ஒரே ராத்திரியில் நடக்கிற கதை. பத்து வருடம் சிறையில் இருந்துவிட்டு மகளைப் பார்க்கக் கிளம்பும் டில்லி, 900 கிலோ போதைப்பொருளைப் பிடித்த போலீசுக்கு உதவ வேண்டியதாகிவிடுகிறது. கமிஷனர் அலுவலகத்தைக் காவல் காக்கும் கான்ஸ்டபிள்தான் நெப்போலியன். 2022இல் வந்த ‘விக்ரம்’ படத்தில் அதே கதையின் போலீஸ் அதிகாரி பிஜாய் வந்தார். வில்லன்கள் அன்புவும் அடைக்கலமும் வந்தார்கள். ‘விக்ரம்’ வெளியாவதற்கு முந்தைய நாள், 2022 ஜூன் 2 அன்று, ‘உள்ளே வருமுன் கைதியை ஒருமுறை திரும்பப் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்ற பொருளில் இயக்குநரே எழுதினார். தமிழ் சினிமா பார்க்கிறவனுக்கு ஒரு இயக்குநர் வீட்டுப்பாடம் கொடுத்தது, எனக்குத் தெரிந்து, அதுதான் முதல் தடவை. ரசிகர்கள் சந்தோஷமாகப் படித்துவிட்டுப் போனார்கள். வீட்டுப்பாடம் கொடுத்தவரிடம் அடுத்த பாடத்தில் சந்தேகம் கேட்கத்தானே செய்வார்கள்? படத்துக்குப் படம் இப்போது நடக்கிற சண்டைகளுக்கு விதை அங்கே விழுந்தது.

ஒரு கதை உலகத்தில் எது செல்லும், எது செல்லாது என்ற இந்தச் சண்டைக்கு ஆங்கிலத்தில் இருக்கிற பெயர் ‘கேனன்’. அளவுகோல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். எந்த நூல்கள் வேதம், எவை வேதத்தில் சேராதவை என்று தேவாலயம் பிரித்தபோது, சேர்ந்தவற்றுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். கதைகளுக்கு அது வந்தது ஒரு வேடிக்கையால். ரொனால்ட் நாக்ஸ் என்பவர் 1911இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கட்டுரை படித்தார். பைபிள் பண்டிதர்கள் எந்தப் பாணியில் வரிக்கு வரி ஆராய்வார்களோ அதே பாணியில், முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை ஆராய்ந்திருந்தார். அவர் செய்தது கேலி. பின்னால் வந்த ரசிகர்கள் அதையே தொழிலாக எடுத்துக்கொண்டார்கள்.

ஹோம்ஸ் கதைகளில் அப்படிப் பிடிக்க நிறைய உண்டு. டாக்டர் வாட்சனுக்குப் போரில் குண்டு பட்டது தோளில் என்கிறது 1887இல் வந்த முதல் நாவல். 1890இல் வந்த இரண்டாவது நாவலில் வலி காலில் இருக்கிறது. எழுதிய கோனன் டாயில் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. வாசகர்களும் ஹோம்ஸை விட்டுப் போகவில்லை. குண்டு தோளில் நுழைந்து காலில் வந்தது எப்படி என்று விளக்கம் எழுதி நூறு வருடமாகப் பொழுது போக்குகிறார்கள்.

இதே வகைப் பிழைக்குப் புதிய உதாரணம் ஒன்றைத் தம்பி சொன்னான். ஹாரி பாட்டர் வரிசையின் ஐந்தாம் புத்தகத்தில், 1995இல் நடக்கிற காட்சியில், இந்த டிசம்பரோடு 39 வருடமாகப் பாடம் நடத்துகிறேன் என்கிறார் மெக்கோனகல் டீச்சர். கழித்தால் 1956. ஆனால் 2018இல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்’ இரண்டாம் படம் 1927இல் நடக்கிறது. அதில் அந்த டீச்சர் ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டிருக்கிறார். அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் நாவலை எழுதிய ரௌலிங்கேதான். ரசிகர்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை. ஆனாலும் இது மெய்ப்பு பார்ப்பவர் கண்ணில் பட்டிருக்க வேண்டிய பிழை என்பதற்கு மேல் எனக்குப் பெரிதாகப் படவில்லை. டீச்சரின் வயதுதான் தப்பே தவிர டீச்சர் தப்பில்லை.

சரி, கேனனுக்குத் தமிழில் சொல் உண்டா? ஒரே சொல்லாக இல்லை. ஆனால் அந்தச் சொல் இல்லாமலே நாம் இந்தச் சண்டையைப் பல நூற்றாண்டுகளாகப் போட்டு வருகிறோம். மூலம், பாடபேதம், இடைச்செருகல் என்று அதற்கான ஆயுதங்கள் எல்லாம் நம்மிடம் தயாராக இருக்கின்றன. நன்னூலில் பவணந்தியார் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரிக்கிறார். அதில் வழிநூலுக்கு அவர் சொல்லும் இலக்கணத்தை அப்படியே எடுத்து எந்த ஸ்டூடியோ வாசலிலும் எழுதி மாட்டலாம். முன்னோர் நூலின் ‘முடிபு’, அதாவது அது முடிவாகச் சொன்ன கருத்து, முழுக்க ஒத்திருக்க வேண்டும். அதன்மேல் ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’ சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மரபு அழியக் கூடாது. பின்னால் வருபவன் தனக்கு வேண்டிய மாற்றத்தைச் செய்துகொள்ளலாம் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே அனுமதி கொடுத்தாயிற்று. நிபந்தனை ஒன்றுதான்: முடிபைத் தொடாதே.

முடிபு எது, விகற்பம் எது? எல்லாச் சண்டையும் இந்த இடத்தில்தான். இதற்கு எனக்குக் கிடைத்த பதில் நன்னூலிலிருந்து வரவில்லை, கூத்துக் களத்திலிருந்து வந்தது.

ஓமலூருக்கு மேற்கே தாத்தாவின் ஊர். சின்ன வயதில் அங்கே கர்ண மோட்சம் பார்த்தேன். கோணிச் சாக்கு விரித்து விடிய விடிய உட்கார வேண்டும். மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் ஒரு பக்கம். கட்டியக்காரன் டவுன் பஸ் வராததைப் பற்றி, ரேஷன் கடை மண்ணெண்ணெய் பற்றி எல்லாம் பேசினான். குருஷேத்திரத்தில் ஏது ரேஷன் கடை என்று ஒருவரும் கேட்கவில்லை. கர்ணன் மனைவி பொன்னுருவி வந்து அழுதாள். வியாசர் பாரதத்தில் தேடினால் பொன்னுருவி என்ற பெயரே கிடைக்காது. எங்கள் ஊர்ப் பெண்களிடம் சொல்லிப் பாருங்கள், வியாசரைத்தான் சந்தேகப்படுவார்கள். விடிகிற நேரம். அடிபட்டுக் கிடக்கும் கர்ணனிடம் கிழப் பிராமணராக வந்த கிருஷ்ணன், செய்த புண்ணியத்தை எல்லாம் தானமாகக் கேட்கிறார். அன்றைக்குக் கர்ணன் வேடம் கட்டியவர் இளவட்டம். பார்க்கிறவர்களுக்குத் திக்கென்று இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கையை நெஞ்சில் வைத்து, வானத்தைப் பார்த்து, கொடுக்கலாமா வேண்டாமா என்பதுபோல் ஒரு கணம் நிறுத்தினார்.

எனக்கு முன்னால் சாக்கில் படுத்திருந்த கிழவர் எழுந்து உட்கார்ந்தார். தூங்கிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். “டேய், கர்ணன் யோசிக்க மாட்டான்டா!” என்று ஒரு சத்தம் போட்டார். மத்தளக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். கூத்து வாத்தியார் சட்டென்று தாரை வார்க்கும் பாட்டை எடுத்துக் கொடுத்தார். இளவட்டம் வெட்கத்தோடு கையை நீட்டிக் கொடுத்து முடித்தது. கிழவர் மறுபடி படுத்துவிட்டார்.

மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்ட கிழவர் அந்த ஒரு கணத்தைப் பொறுக்கவில்லை. பொன்னுருவி விகற்பம். கர்ணன் கேட்டவுடன் கொடுப்பான் என்பது முடிபு. அரவான் கதையும் இப்படித்தான். மூலத்தில் எட்டாம் நாள் போரில் அரக்கன் கையால் சாகிறான். தமிழ்நாட்டில் போர் தொடங்குமுன்னே களப்பலி ஆகிறான். சம்பவம் தலைகீழ். ஆனால் அப்பன் கட்சிக்காக உயிரைக் கொடுக்கும் பிள்ளை என்பது இரண்டிலும் மாறவில்லை. தமிழில் அது இன்னும் அழுத்தமாகியிருக்கிறது. கம்பரும் இதே வேலையைத்தான் செய்தார். சீதையை ராவணன் கையால் தூக்கினான் என்று வால்மீகி சொன்னதை மாற்றி, பர்ணசாலை இருந்த நிலத்தோடு பெயர்த்துப் போனான் என்றார். கதையை மாற்றியது ஆளைக் காப்பாற்ற.

சேர்வராயன் மலைக்கு ஏறினாலும் இதுதான். மலையாளி மக்கள் தங்கள் முன்னோரை, காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் என்பார்கள். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனான் என்பது கேட்கிற மலையையும் சொல்கிற ஆளையும் பொறுத்து மாறும். காஞ்சியும் மாறாது, கூடப் பிறந்தவர்கள் என்பதும் மாறாது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வெளிநாட்டுச் சண்டைகளுக்குப் போவோம். எல்லாவற்றிலும் பெரிது ‘ஸ்டார் வார்ஸ்’ படவரிசை. 2012இல் டிஸ்னி அதை எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தை 405 கோடி டாலருக்கு வாங்கியது. 2014 ஏப்ரலில் ஒரு அறிவிப்பு வந்தது: அதுவரை வந்திருந்த நாவல்கள், சித்திரக் கதைகள் பெரும்பாலானவை இனிமேல் ‘லெஜெண்ட்ஸ்’, அதாவது வெறும் பழங்கதைகள்; அடுத்த படங்கள் அவற்றுக்குக் கட்டுப்படாது. படங்களின் ஜோடியான ஹான் சோலோவுக்கும் லேயாவுக்கும் பிறந்து, நாவல்களில் வளர்ந்து ஆளான மூன்று பிள்ளைகள் ஒரே தாளில் இல்லாமல் போனார்கள். இருபது வருடம் காசு கொடுத்துப் படித்தவனுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் இதைச் செய்ய ஆளே இல்லை. பொன்னுருவி இனிமேல் கிடையாது என்று யார் எந்த அதிகாரத்தில் அறிவிப்பது?

அப்போது வந்த கோபம்கூட 2017இல் அதே வரிசையில் ‘தி லாஸ்ட் ஜெடை’ வந்தபோது எழுந்த கோபத்துக்குப் பக்கத்தில் நிற்காது. 1983இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் உச்சத்தில் நாயகன் லூக் ஸ்கைவாக்கர், எத்தனையோ பேரைக் கொன்ற தன் தகப்பனைக் கொல்ல மாட்டேன் என்று ஆயுதத்தை வீசி எறிந்தவன். 2017 படத்தில், தூங்கிக்கொண்டிருக்கும் தன் மருமகன் எதிர்காலத்தில் கெட்டவன் ஆவான் என்று பயந்து, அவன் தலைமாட்டில் ஒரு கணம் ஆயுதத்தை உயிர்ப்பித்தான் என்று தெரியவருகிறது. உலகம் பூராவும் இருந்து அதே சத்தம்: லூக் யோசிக்க மாட்டான்டா! லூக்காக நடித்த மார்க் ஹேமிலே, தன் பாத்திரத்தை இப்படிக் கொண்டுபோனதில் தனக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வேடம் கட்டியவரே கிழவர் கட்சிக்கு வந்துவிட்டார்.

நான் இதில் பாதி கிழவர் கட்சி, பாதி எதிர்க்கட்சி. 1983 படத்திலேயே லூக் கோபத்தில் தகப்பன் கையை வெட்டிய பிறகுதான் ஆயுதத்தை எறிகிறான். அந்த ஒரு கணத் தடுமாற்றம் அவனுக்குள் முன்பே இருந்தது. கர்ணனுக்குள் அது இல்லை. அதோடு இன்னொன்று: அந்த ராத்திரி என்ன நடந்தது என்பதை அந்தப் படம் மூன்று தடவை சொல்கிறது. முதலில் லூக் மறைத்துச் சொல்கிறான், பிறகு மருமகன் தன் பக்கத்தைச் சொல்கிறான், கடைசியில் லூக் உண்மையைச் சொல்கிறான். யார் பொய் சொன்னார்கள் என்பதற்கு விடை படத்துக்குள்ளேயே இருக்கிறது. பிடிக்கிறதோ இல்லையோ, டிக்கெட் வாங்கியவனுக்குக் கணக்குக் காட்டிவிட்டார்கள்.

இங்கேதான் ‘லியோ’ மாட்டிக்கொள்கிறது. கொலுசுப் பட்டறை அண்ணனின் பெரிய புகார் பின்கதையில் வரும் நரபலி. ‘கைதி’யும் ‘விக்ர’மும் துப்பாக்கி, போதை, போலீஸ் என்று தரையில் கால் ஊன்றி நடக்கிற கதைகள். வியாபாரம் செழிக்கப் பிள்ளையைப் பலி கொடுக்கும் தகப்பன் அந்தத் தெருவில் குடியிருக்க மாட்டான் என்பது அவர் வாதம். படம் வந்தபின், மன்சூர் அலிகான் பாத்திரம் சொல்லும் அந்தப் பின்கதை முழுக்க உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்ற ரீதியில் இயக்குநர் பேட்டியில் பேசினார். தம்பி துள்ளிக் குதித்து அந்தக் காணொளியை அண்ணனுக்கு அனுப்பினான். “பாத்தியாண்ணா, அது பொய்க்கதை!”

அண்ணன் அடுத்த வாரக் கடைக்கூட்டத்தில்தான் பதில் சொன்னார். “ராத்திரி பூரா கூத்து கட்டிட்டு, காலையில டீக்கடையில வந்து வாத்தியார் ‘நேத்து கர்ணன் சொன்னது பொய்யி’ன்னா ஒத்துக்குவியா?”

நான் அண்ணன் கட்சி. பேட்டி என்பது உரை, மூலம் ஆகாது. பொய் என்றால் படத்திலேயே ஒரு கண் சிமிட்டல் இருந்திருக்க வேண்டும். இதைச் சொன்னவுடன் எனக்கே ஒரு சங்கடம் வருகிறது: திருக்குறளை எத்தனை தலைமுறையாகப் பரிமேலழகர் கண்ணாடி போட்டுத்தானே படித்து வருகிறோம்? உரை மூலத்தை விழுங்குவது நமக்குப் புதிதில்லை. ஆனாலும் பரிமேலழகர் உரை எழுதினார். வள்ளுவரே திரும்பி வந்து, அந்தக் குறளில் நான் சொன்னது சும்மா என்று சொல்லவில்லை. தன் கதையைத் தானே திருத்துகிறவர்களைக் கண்டால் ரசிகனுக்கு எரிச்சல் வருவது எங்கேயும் உண்டு. ‘ஸ்டார் வார்ஸை’ உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் அதன் 1977 படத்தை 1997இல் மெருகேற்றி விட்டபோது, மதுக்கடையில் ஹான் சோலோ முதலில் சுட்ட காட்சியை மாற்றி, எதிரி கிரீடோ முதலில் சுடுவதாக ஆக்கினார். அரை வினாடி மாற்றம். ஹான் என்ற ஆள் ரவுடியா யோக்கியனா என்பது அந்த அரை வினாடியில் இருந்ததால் ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நம் ரசிகனுக்குக் கேனன் புதிது என்று நினைக்க வேண்டாம். முன்பு அது கதையில் இல்லை, நடிகரில் இருந்தது. எம்.ஜி.ஆர் திரையில் குடிக்க மாட்டார், தாயை எதிர்த்துப் பேச மாட்டார். கதாபாத்திரத்தின் பெயர் படத்துக்குப் படம் மாறும்; ஆள் ஒரே ஆள். ‘பாசம்’ (1962) படத்தில் அவர் இறந்துபோவதை ரசிகர்கள் ஏற்கவில்லை என்பார்கள். அது எழுதாத சட்டத்தை மீறிய வழக்கு. ஏற்காடு போகிற வழியில், அடிவாரத்துக்கு முன்னால், மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த நிறுவனம் 1960களின் நடுவில் ‘வல்லவனுக்கு வல்லவன்’, ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’ என்று வரிசையாக வெளியிட்டது. இன்றைக்காக இருந்தால் மூன்று வல்லவர்களும் ஒரே உலகமா என்று பட்டிமன்றமே வைத்திருப்பார்கள். அன்றைக்கு அப்படி ஒரு கேள்வி யாருக்கும் தோன்றவில்லை. தலைப்பு தூண்டில், அவ்வளவுதான்.

நடிகரில் இருந்த கேனன் கதைக்குள் இடம்பெயர்ந்தபோது ஒரு சிக்கலும் கூட வந்தது. கதை யாருடையது? ‘கைதி’யைத் தயாரித்தது ட்ரீம் வாரியர் பிக்சர்ஸ், ‘விக்ர’த்தை ராஜ்கமல், ‘லியோ’வை செவன் ஸ்க்ரீன் ஸ்டூடியோ. டிஸ்னிபோல ஒரே முதலாளி கிடையாது. மூன்று வீட்டுக்காரர்களின் தோட்டத்தில் ஒரே கொடி படர வேண்டும். அதனால்தானோ என்னவோ, இணைப்புகள் எல்லாம் சின்னச் சின்னதாக வருகின்றன: ஒரு கான்ஸ்டபிள், போனில் ஒரு குரல், கடைசி ஐந்து நிமிடம். அண்ணன் ‘கல்யாண போட்டோ’ என்று எதைச் சொன்னாரோ அதைத்தான். ‘விக்ரம்’ என்ற பெயரே 1986இல் சுஜாதா எழுத்தில் கமல் நடித்த படத்தின் பெயர். உளவாளி, பெயர், தலைப்புப் பாட்டு மூன்றும் வந்தன. சலாமியா என்ற அந்தக் கற்பனை ராஜ்யம் வரவில்லை. சேலத்துக்காரர்களான எங்களுக்கு அதில் லேசான வருத்தம் உண்டு. ஏறக்குறைய எங்கள் ஊர்ப் பெயர். மற்றபடி, பழைய ராஜா கதையை விட்டதற்காக யாரும் சண்டைக்கு வரவில்லை. அந்தப் படம் நமக்கு அப்படி எந்த முடிபையும் கொடுத்திருக்கவில்லை.

‘கைதி’ கொடுத்தது. இரண்டாம் பாகம் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அன்பு சிறையிலிருந்து எப்படி வெளியே வந்தான், தேதிகள் ஒத்துப்போகின்றனவா என்று தம்பி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். அண்ணனிடம் அந்த நோட்டைக் காட்டினான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“தேதி கிடக்கட்டும் தம்பி. அந்த ராத்திரி பூரா அவன் மகளுக்குன்னு ஒரு கம்மல் வச்சிருந்தான்ல? அது அந்தப் புள்ளை காதுல இருக்குதான்னு பாரு.”

கொலுசு செய்கிறவர். காதைத்தான் பார்ப்பார்.